பாதத்தின் நெய்யும் நீரிழிவுப் புண்ணும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் இருவர் எங்கேனும் எதிர்ப்பட்டால், முன்னாளில் அவர்தம் பேச்சு ஆசிரியர்களையும் விடுதிச் சோற்றையும் கிரிக்கெற் ஆட்டங்களையும் பற்றியதாகவே இருக்கும். இப்பொழுதோ நலம் விசாரித்து முடியுமுன்னரே, “உமக்குச் சீனி எவ்வளவு?” என்னும் வினா எழுந்துவிடுகின்றது. இது வேடிக்கையன்று. 2005–2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்த ஆய்வொன்று, இருபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேர் நீரிழிவுடையோரெனக் காட்டியது. 2018–2019ஆம் ஆண்டுகளின் ஆய்வில் அத்தொகை நூற்றுக்கு இருபத்துமூன்றாக உயர்ந்துவிட்டது. ஆகவே, இம்மலரை விரித்துப் படிக்கும் அன்பர்களிற் பலர் இந்நோயை நேரிலோ, தம் வீட்டிலோ அறிந்தவராகவே இருப்பர். அவர்கள் கண்ணைப் பற்றி அஞ்சுவர்; சிறுநீரகத்தைப் பற்றி அஞ்சுவர்; பாதத்தைப் பற்றி மட்டும் எண்ணுவது அரிது. அப்பாதத்தைப் பற்றி, அதிலும் அதன் தோலிலுள்ள நெய்ப்பொருளைப் பற்றிச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தில் எம் கருத்தைத் திருப்பியவர் ஒரு மருத்துவரல்லர்; பட்டிப்பொலவிலே நாம் கண்ட ஒரு முதியவர். பட்டிப்பொல என்பது நம் நாட்டின் மிக உயரத்தில் அமைந்த புகையிரத நிலையம். 1893இல் அப்புத்தளை வரை நீண்ட இருப்புப் பாதை, பட்டிப்பொலவுக்கும் ஒகியாவுக்கும் இடையில் 6,226 அடி உயரத்தை எட்டிப் பின் இறங்குகின்றது. தேயிலைச் சரிவும் கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளும் அடுத்தடுத்துக் கிடக்கும் அவ்வூரில், எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பரொருவர் ஆசிரியராகத் தொழில்புரிந்து ஓய்வுபெற்று வாழ்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தை மாதக் கடுங்குளிரில் அவர் இல்லத்திற் சில நாள் தங்கினோம். நாற்பதாண்டு தோட்டத்தில் உழைத்த முதியவரொருவர் அயல் லயத்திலிருந்து நாள்தோறும் அங்கு வருவார். ஒருநாள் அவர் விந்தி விந்தி வந்தார். இரவில் அடுப்பருகே கால் நீட்டிக் குளிர்காய்ந்திருந்தவருக்குக் குதியும் விரல்களும் வெந்தது தெரியவில்லை. குதியில் முன்னமே இருந்த வெடிப்பு ஆழமாகிக் கறுத்திருந்தது. ஏன் உடனே சொல்லவில்லை என்று நண்பர் கடிந்துகொண்டபோது, “வலி இல்லீங்க ஐயா, அதனால பெரிசா எடுத்துக்கல” என்றார். பின்னர் ஆஸ்பத்திரியில் இரு விரல்களை இழந்தே அவர் காலைக் காத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியாற் திரும்பிய பின் அவர் கேட்ட கேள்வியொன்று எம் நெஞ்சிற் தைத்தது. “இந்தக் குளிருல வெடிப்பு எல்லாருக்கும் வருதுங்க. எனக்கு மட்டும் ஏன் புண்ணாச்சு?” அன்று எம்மிடம் விடையில்லை. பின்பு தேடிப் படித்தும், அறிந்த மருத்துவ நண்பரை வினாவியும் பெற்ற விடையையே ஈண்டு எழுதுகின்றோம்.

தோல் என்னும் சுவர்

நம் தோலின் மிகப் புறத்தே இருப்பது கொம்புப் படை. அஃது இறந்த கலங்களால் ஆகியது; ஆயினும் பயனற்றதன்று. மலைநாட்டிற் பாதையோரங்களிற் சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டிய அணைகளைப் பலரும் பார்த்திருப்பர். அவற்றின் இடுக்குகளால் நீர் கசிந்தோடும். அவை அவ்வாறே கட்டப்பட்டவை. வீட்டுச் சுவரோ அத்தகையதன்று. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து பூசினாலன்றி மழை உட்புகும். நம் தோல் இரண்டாம் வகைச் சுவர். தட்டையான இறந்த கலங்கள் கற்கள். அவற்றின் இடையே படைபடையாக அடுக்கப்பட்டிருக்கும் நெய்ப்பொருள்களே சாந்து. இவ்வுவமையைத் தோல் நூலாருக்குள் 1980களிற் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் பீற்றர் எலியாசு என்பவர்.

இந்நெய்ப்பொருள்களை இலிப்பிட்டு என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். சாந்தின் எடையில் ஏறக்குறையப் பாதி செரமைட்டு என்பது; காற்பங்கு கொலஸ்திரோல்; எஞ்சியதிற் பெரும்பகுதி கொழுப்பமிலம். குருதியில் மிகுந்தால் நாம் அஞ்சும் கொலஸ்திரோலே தோலிற் காவலனாய் நிற்பது காண்க. இம்மூன்றும் தக்க அளவிற் கலந்திருந்தால் உடலின் நீர் வெளியேறாது. வெளியிலுள்ள நஞ்சும் கிருமியும் உட்புகா. ஒன்று குறையினும் சுவர் கசியும்.

இச்சாந்தை ஆக்குவோர் யார்? கொம்புப் படைக்குக் கீழே உயிரோடிருக்கும் கலங்களே. அவை நெய்ப்பொருளைச் சிறு பைகளில் நிரப்பி மேல்நோக்கி வந்து, தாம் இறக்குந் தறுவாயில் அதனை வெளியே சொரிந்துவிடுகின்றன. அங்ஙனம் சொரிந்ததைச் செரமைட்டாக மாற்றும் நொதியங்கள் சிறிது அமிலத் தன்மையுள்ள இடத்திலேயே நன்கு தொழிற்படுவன. நலமான தோலின் மேற்பரப்பு அத்தகைய மெல்லிய அமிலத்தன்மை உடையது. துணி துவைக்கும் காரச் சவர்க்காரம் அவ்வமிலத்தைக் கெடுப்பதோடு சாந்தையும் கரைத்துச் செல்லும். சுவரைக் கட்டுவோனையும் விரட்டிக் கட்டிய சாந்தையும் கழுவுவது போன்றது அது.

இலிப்பிட்டுகளுக்கு மற்றுமொரு பணியுண்டு. தனித்துலவும் கொழுப்பமிலங்களும், செரமைட்டின் சிதைவிற் பிறக்கும் ஸ்பிங்கோசீன் என்னும் பொருளும் பற்றீரியாக்களைக் கொல்லும் ஆற்றல் உடையன. எனவே நெய் குறைந்த தோல் கதவு திறந்த வீடு மட்டுமன்று. காவலனும் இல்லாத வீடாகும்.

உள்ளங்காலின் ஏழ்மை

முகத்திலும் தலையிலும் எண்ணெய் கசிவதை நாம் அறிவோம். அது மயிர்க்கால்களை ஒட்டிய நெய்ச்சுரப்பிகளின் செயல். ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மயிருமில்லை; நெய்ச்சுரப்பியுமில்லை. அங்குள்ள கொம்புப் படை உடலின் வேறெவ்விடத்திலும் தடித்தது. ஆனால் மேலெண்ணெய் அற்றது. இயற்கை இக்குறையை வியர்வையால் ஈடுசெய்துள்ளது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருங்கியுள்ளன. அவற்றின் ஈரமே தடித்த தோலை வளைந்து கொடுக்கச் செய்கின்றது. ஈரம் வற்றினால், வெயிலிற் காய்ந்த குளத்துச் சேறுபோலத் தோல் வெடிக்கும்.

குளிர்காலத்தில் இது யாவர்க்கும் நேர்வதே. குளிர்காற்று நீராவியைக் குறைவாகவே தாங்கும்; அக்காற்று அடுப்பு வெப்பத்திற் காய்ந்ததும் தோலின் ஈரத்தை உறிஞ்சும். பிரித்தானியாவில் நிகழ்ந்து 1996இல் வெளிவந்த ஆய்வொன்று, முதுமையிலும் குளிர்காலத்திலும் கொம்புப் படையின் இலிப்பிட்டுகள் குறைவதை அளந்து காட்டியது. ஆகவே பட்டிப்பொல முதியவர் கூறியது உண்மை: வெடிப்பு எல்லார்க்கும் வரும். ஆனால் அவருக்கு வந்தது வேறு வகையது.

நீரிழிவு செய்வது யாது?

முதலாவதாக, நெடுநாள் மிகுந்து நிற்கும் சர்க்கரை நரம்புகளை அரிக்கின்றது. நீண்ட நரம்புகளே முதலிற் கெடுவன. ஆதலால் பாதமே முதற் பலி. தொடுகையையும் வலியையும் உணர்த்தும் நரம்புகள் கெடுவதால் கல்லும் முள்ளும் நெருப்பும் தெரிவதில்லை. வியர்வைச் சுரப்பிகளை ஏவும் நரம்புகளும் கெடுகின்றன. வியர்வை நின்றதும் முன்னே ஏழையாயிருந்த உள்ளங்கால் வறியதாகின்றது.

இரண்டாவதாக, சுவர் கட்டும் தொழிலே தளர்கின்றது. 2005இல் யப்பானிய ஆய்வாளர் நீரிழிவுடையோரின் தோலை அளந்தபோது, குருதிச் சர்க்கரை மிக்கோரின் கொம்புப் படையில் ஈரமும் மேலெண்ணெயும் குறைந்திருக்கக் கண்டனர். அத்தோல் முதியோரின் வறண்ட தோலை ஒத்திருந்தது. ஆயினும் நீரைத் தடுக்கும் சுவர் இடிந்துவிடவில்லை. 2011இற் கொரிய ஆய்வாளர் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்த எலிகளை ஆராய்ந்தபோது, இலிப்பிட்டை நிரப்பும் சிறு பைகள் குறைந்திருந்தமையும், கெடுத்த சுவர் மீண்டும் எழத் தாமதித்தமையும் புலப்பட்டன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். நீரிழிவுடையோனின் தோல் சாதாரண நாளில் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். இடர் வந்த நாளில் மீள்வதற்கே அதனிடம் வலுவில்லை. கடனில்லாதவனும் கடன்பட்டவனும் நல்ல காலத்தில் ஒன்றுபோலத் தோன்றுவர். பஞ்சத்திலேதான் வேறுபாடு தெரியும்.

மூன்றாவதாக, பாதத்தின் உள்ளேயும் ஒரு கொழுப்பு மெத்தை உண்டு. குதியின் கீழும் விரலடி எலும்புகளின் கீழும் சிறு அறைகளில் அடைத்து வைத்த கொழுப்பு, நடக்கும்போது உடற்பாரத்தைத் தாங்கிப் பரப்புகின்றது. நரம்பு கெட்டுப் பாதத் தசைகள் மெலிந்து விரல்கள் நகம்போல் வளையும்போது, விரலடி மெத்தை முன்னே நகர்ந்துவிடுகின்றது. எலும்பின் முனை மெல்லிய தோலை நேரே அழுத்துகின்றது. அங்கே காய்ப்பு உண்டாகும். காய்ப்பின் கீழே புண் பிறக்கும்.

இவற்றோடு கால் நாடிகள் ஒடுங்கிக் குருதியும் குறைந்தால் நிலைமை மிகக் கொடியதாகும். நரம்பும் அழுத்தமும் குருதிக் குறைவுமே பெருங்காரணங்கள். தோலின் நெய்க்குறை அவற்றுக்கு வாயில் திறந்து கொடுக்கின்றது. இதனை மறந்து எண்ணெய் ஒன்றே மருந்தெனக் கருதுதல் தவறு.

புண் ஆறாமை ஏன்?

இலிப்பிட்டு வெறும் சாந்தும் மெத்தையும் மட்டுமன்று. அது தூதும் ஆகும். 1929இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் யோர்ச் பர், மில்றெட் பர் என்னும் தம்பதியர், கொழுப்பு அறவே நீக்கிய உணவை எலிகளுக்கு ஊட்டினர். எலிகளின் தோல் செதிளாகி, வால் புண்பட்டு, வளர்ச்சி நின்றது. இலினோலெயிக்கமிலம் என்னும் ஒரு கொழுப்பமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் அவை தேறின. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அவ்வமிலம், தோற் சாந்தின் செரமைட்டிலும் இடம்பெறுகின்றது. அதிலிருந்தே உடல், அழற்சியை எழுப்பும் தூதுப் பொருள்களையும் ஆக்குகின்றது. அத்தகைய புரொஸ்தகிளாண்டின்களை ஆராய்ந்தமைக்காக பேர்க்ஸ்துரோம், சாமுவெல்சன், வேன் ஆகிய மூவர் 1982இல் நோபெற் பரிசு பெற்றனர்.

காயம்பட்டதும் இத்தூதுகள் வெண்குருதிக் கலங்களை அழைக்கின்றன. அவை கிருமியைக் கொன்று குப்பையை அகற்றியதும், வேறு வகைத் தூதுகள் “போதும், இனிக் கட்டுங்கள்” என்று உரைக்கவேண்டும். அவையும் கொழுப்பமிலங்களின் வழித்தோன்றல்களே. நீரிழிவுப் புண்ணிலே முதலாவது கட்டளை ஓயாது ஒலிக்கின்றது. இரண்டாவது கட்டளை மங்கிவிடுகின்றது. 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், நீரிழிவுடைய எலிகளின் புண்ணில் இலிப்பிட்டுத் தூது ஒன்று அளவுக்கு மிஞ்சியிருந்தது. அதன் செயலைத் தடுத்த களிம்பைப் பூசியபோது கிருமியும் குறைந்தது, புண்ணும் விரைந்து ஆறியது.

தோலின் அடியிலுள்ள கொழுப்புக் கலங்களும் வாளாவிருப்பனவல்ல. கிருமி புகுந்ததும் அவை பெருகிக் கிருமிகொல்லும் பொருளைச் சுரக்கின்றன என 2015இல் கலிபோர்னியா ஆய்வாளரும், காயம்பட்டதும் அவை தம் கொழுப்பை உருக்கி விடுத்து விழுங்கு கலங்களை வரவழைக்கின்றன என 2020இல் யேல் பல்கலைக்கழகத்தாரும் எலிகளிற் காட்டினர். அவ்வாறு உருக்கவொட்டாது தடுத்தபோது காயம் ஆறுவது தளர்ந்தது. வேண்டாத சதையென்று நாம் இகழும் கொழுப்பு, காயம் பட்ட வேளையில் ஊர்க்காவற் படையாய் எழுகின்றது.

இப்புண்ணின் கொடுமையை மூன்று கணக்குகள் உணர்த்தும். நீரிழிவுடையோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை தம் வாழ்நாளிற் பாதப் புண்ணுக்கு ஆளாகின்றனர். ஆறிய புண்களில் நூற்றுக்கு நாற்பது ஓராண்டினுள் மீண்டும் தோன்றுகின்றன. இந்நோயால் காலோ விரலோ வெட்டப்படுவோரிற் பெரும்பாலோர்க்கு முதலில் வந்தது ஒரு சிறு புண்ணே.

நம் நாட்டின் பங்கு

இத்துறையில் நம் நாடும் தமிழகமும் உலகுக்கு அளித்த கொடையொன்றைப் பழைய மாணவர்கள் அறிதல் நன்று. 1930களிற் கொழும்பிலே சத்திரசிகிச்சை நிபுணராக விளங்கிய மில்ரோய் போல் அவர்கள், தொழுநோயால் உணர்வற்ற பாதங்களின் புண்ணுக்குப் பரிசுச் சாந்தாற் கால் முழுவதும் ஒட்டியிருக்குமாறு கட்டி, நோயாளியை நடக்கவிட்டார். பாரம் ஓரிடத்தில் அழுந்தாது பாதமெங்கும் பரவியதாற் புண் ஆறியது. கொல்லிமலையிற் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய போல் பிராண்ட் என்னும் ஆங்கில மருத்துவர் இம்முறையைக் கையாண்டார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவனவல்ல. வலியின்மையாற் கவனியாது விடப்பட்டே அழிகின்றன என்பதை அவர் நிலைநாட்டினார். 1960களில் அவர் அமெரிக்காவிற்குச் சென்றபின், அவ்வறிவே நீரிழிவுப் பாதத்திற்கும் பயன்பட்டது. இன்று உலகின் பெரிய ஆஸ்பத்திரிகளில் நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டப்படும் முழுத்தொடுகைக் கட்டின் மூலம் கொழும்பிலும் உள்ளதென்பது நாம் பெருமை கொள்ளத்தக்கதே.

செய்யத்தக்கன

நாள்தோறும் இரவில் விளக்கொளியிற் பாதத்தைப் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதோர் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப் பிள்ளைகளிடம் காட்டலாம். வெதுவெதுப்பான நீரிற் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தல் வேண்டும். நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாது முழங்கையால் அறிதல் நன்று. நெடுநேரம் காலை நீரில் ஊறவிடுதல் கூடாது. காரச் சவர்க்காரத்தைத் தவிர்த்தல் நலம்.

கழுவிய ஈரம் முற்றும் உலருமுன் குதியிலும் உள்ளங்காலிலும் நெய்ப்பூச்சு இடவேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு யூரியா கலந்த களிம்பு நீரிழிவுடையோரின் வறண்ட பாதத்துக்கு நற்பயன் தருவது பல ஆய்வுகளிற் கண்டதே. அது கிடையாத இடத்தில் நம் தேங்காயெண்ணெய் உண்டு. 2004இற் பிலிப்பைன்சு நாட்டு ஆய்வொன்று, வறண்ட தோலுக்கு அது கனிம எண்ணெய்க்குக் குறைந்ததன்று எனக் கண்டது. விரலிடுக்கில் எதனையும் பூசலாகாது. அங்கே ஈரம் மிகுந்து பூஞ்சணம் பற்றும். வாய்திறந்த புண்ணில் எண்ணெயோ பச்சிலையோ இடலாகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. காய்ப்பைச் சவர அலகால் வெட்டுதலும் கூடாது.

மலைநாட்டிற் குளிர்காய்வோர் காலுறை அணிந்து, அடுப்பைவிட்டு எட்ட இருக்கவேண்டும். றப்பர்ச் சப்பாத்து அணிந்து பாத்தியில் இறங்குவோர், அணியுமுன் உள்ளே கையிட்டுக் கல்லோ பூச்சியோ உண்டாவெனப் பார்த்தல் நலம். நம் சமயத்தாருக்கு இன்னுமொரு சொல். நண்பகலிற் கோயில் வீதி மணல் கொதிக்கும். வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். உணர்வு கெட்ட பாதமுடையோர் காலைப் பூசைக்குச் செல்வது நன்று. தீமிதிப்பு அவர்க்கு ஏற்றதன்று. மெய்வருத்தத்தை அறியாத காலால் மிதிப்பது நேர்த்தியாகாது; அன்னை அதனை வேண்டுவதுமில்லை.

ஆண்டுக்கொருமுறை நைலோன் இழையாற் பாத உணர்வைச் சோதிப்பித்தலும் இன்றியமையாதது. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் அவ்விழையின் தொடுகையை உணராத பாதம் இடருள்ள பாதம். சோதனை சில நிமிடத்தில் முடியும், வலியுமில்லை.

முடிவாக

பட்டிப்பொல முதியவரின் வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். அயலாரின் குதியும் வெடித்தது. ஆனால் அவர்க்கு வலித்தது. வலித்ததால் எண்ணெய் பூசினர். காலை மெல்ல ஊன்றினர். அவர்தம் தோலும் சில நாளிற் சாந்திட்டு மூடிக்கொண்டது. இவருக்கோ வலியில்லை, வியர்வையில்லை, மீளக் கட்டும் வலுவுமில்லை. ஒரே குளிர், ஒரே வெடிப்பு. காத்துநின்ற உடல் வேறு. அடுத்த முறை மலையேறியபோது இதனை அவரிடம் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்போ வலி நல்லதுதாங்க ஐயா” என்றார். எந்நூலிலும் நாம் இதனிலும் சுருங்கிய விளக்கம் படித்ததில்லை.

இன்று அவர் இரவுதோறும் தம் பேத்தியிடம் காலைக் காட்டுகின்றார். அச்சிறுமி விளக்கைப் பிடித்து விரல் விரலாய் எண்ணிப் பார்த்து, குதிக்குத் தேங்காயெண்ணெய் தடவுகின்றாள். எமது கல்லூரியின் இன்றைய மாணவர்களும் தம் இல்லத்து முதியோருக்கு இச்சிறு தொண்டை ஆற்றுவார்களாயின், இம்மலரின் பக்கங்களிற் சிலவற்றை நாம் நிரப்பியது வீணன்று என மகிழ்வோம்.